கொல்லைத் தளம்: சில குறிப்புகள்

கிணற்றடிக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் ஒரு சிமெண்ட் தளம். நீளம் 20 அடி, அகலம் 12 அடி என்று முதல் கணக்கு. சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார, வடாம் காயவைக்க, கார்த்திகை மழையில் சேறு மிதிக்காமல் துணிக்கொடிவரை போய்வர. தளம் என்றதும் எல்லோரும் மூட்டை விலையைத்தான் கேட்கிறார்கள். சிதம்பரத்தை ஒட்டிய இந்த அண்ணாமலை நகரில் அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று: கீழே என்ன மண், மேலே எவ்வளவு வெயில், கையில் எந்தத் தண்ணீர்.

*

மண். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். நடுவில் இருக்கும் இந்த ஊர், இரண்டு ஆறுகளும் காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டல். நெல்லுக்கு உகந்த களிமண் கட்டடத்துக்கு உகந்ததில்லை. ஐப்பசியில் ஊறி உப்பும். சித்திரையில் சுருங்கி, விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் நேராகக் கான்கிரீட்டைக் கொட்டினால், மண்ணின் வருடாந்தர ஏற்ற இறக்கம் முழுவதையும் தளம் தாங்கியாக வேண்டும். நான்கு அங்குலக் கனத்துக்கு அந்தச் சக்தி கிடையாது.

செய்ய வேண்டியது: மேல் மண்ணை ஒன்பது அங்குலம் வெட்டி எடுப்பது. வேர், தழை, பழைய செங்கல் எல்லாவற்றையும் அகற்றுவது. கிராவல் கொட்டுவது, ஒரே தடவையாக இல்லாமல் நான்கைந்து அங்குலப் படிகளாக. ஒவ்வொரு படிக்கும் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்குவது. நல்ல கிராவல் இங்கிருந்து தூரமில்லை. பண்ருட்டி, நெய்வேலி பக்கத்து முந்திரிக்காட்டு மேட்டு நிலம் முழுக்கச் செம்மண்தான். அதன் அடியில் இருக்கும் பாறைப் படிவத்துக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயரே கடலூர் மணற்கல். ஜல்லிதான் வெளியிலிருந்து வர வேண்டும். வண்டல் பூமியில் கருங்கல் ஏது?

*

சிதம்பரம் கோயிலில் சித்திரை மாத நண்பகலில் வெறுங்காலோடு பிராகாரம் சுற்றியவர்களுக்குக் கல் தளத்தின் சூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் கோடையில் நடைபாதைக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கிறார்கள், கயிற்றுப் பாய் விரிக்கிறார்கள், தண்ணீர் விட்டு நனைக்கிறார்கள். வெள்ளை, மறைப்பு, ஈரம். சூட்டைக் குறைக்க இந்த மூன்று வழிதான் உண்டு. கொல்லைத் தளத்துக்கும் இதே மூன்றுதான்.

புதுச் சாம்பல் நிறக் கான்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. அழுக்கேறினால் அதுவும் குறையும். மிச்சத்தை உள்வாங்கிக்கொண்டு இரவு வெகுநேரம்வரை வெளியே விடுகிறது. வெள்ளைச் சிமெண்ட் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் திருப்பும். ஆனால் அந்த வெளிச்சம் கண்ணைக் கூசும், எதிரே இருக்கும் சன்னல் வழியே வீட்டுக்குள்ளும் பாயும். ஆகவே நிழல்தான் முதல் மருந்து. நிறம் அடுத்தது. ரெட் ஆக்ஸைடு கூடத்துக்கு அழகு, வெட்டவெளிக்கு வேண்டாம். கறுத்த, சிவந்த தளங்கள் வெயிலை விழுங்கும்.

*

சூட்டை விரும்பும் தளமும் ஒன்று உண்டு. நெல் உலர்களம். காட்டுமன்னார்கோயில் பக்கம் அறுவடைக் காலத்தில் போனால், களம் கிடைக்காதவர்கள் தார்ச்சாலையில் நெல் கொட்டிக் காயவைப்பதைப் பார்க்கலாம். அங்கே ஒரு மரத்து நிழல்கூடக் களத்தில் விழக் கூடாது; எவ்வளவு பெரிய தளமோ அவ்வளவு நல்லது. உட்காரும் தளத்துக்கு எல்லாம் நேர்மாறு. இப்போது பல வீடுகளில் வாசலிலிருந்து மதில்வரை ஒரு பிடி மண் தெரியாமல் சிமெண்ட் போட்டுவிடுகிறார்கள். ஆள் வசிக்கும் இடத்தை உலர்களம் ஆக்கிவிட்டு, இரவெல்லாம் அனல் அடிக்கிறது என்று வருந்துகிறோம். எவ்வளவு போடுவது என்பதற்கு முன் எவ்வளவு போடாமல் விடுவது என்று கணக்குப் போட வேண்டும்.

*

பொருள் கணக்கு. 20 × 12, கனம் 4 அங்குலம்: 80 கன அடி, அதாவது சுமார் 2.27 கன மீட்டர். 1 : 1½ : 3 கலவைக்குச் சிமெண்ட் 18 மூட்டை. எம்-சாண்ட் சுமார் 34 கன அடி, முக்கால் அங்குல ஜல்லி சுமார் 67 கன அடி. யூனிட் என்றால் 100 கன அடி. மணலில் மூன்றில் ஒரு யூனிட், ஜல்லியில் மூன்றில் இரண்டு யூனிட். கொஞ்சம் சேதாரம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சிமெண்ட் பி.பி.சி. வாங்கலாம். அதில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்திருக்கும். இறுகும்போது சூடு கொஞ்சம் குறைவாக வெளிவரும். நன்றாக நீராற்றினால் உப்பு ஊடுருவுவதையும் தடுக்கும். கடலோர ஊருக்குப் பொருத்தம். ஒரே நிபந்தனை, சாதாரணச் சிமெண்டைவிட அதிக நாள் தண்ணீர் காட்ட வேண்டும்.

எம்-சாண்டைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்ப்பது. மாவு ஒட்டினால் திருப்பி அனுப்புவது. மாவு அதிகமான மணல் தண்ணீர் அதிகம் கேட்கும். கடற்கரை மணல் எக்காரணம் கொண்டும் கூடாது.

*

தண்ணீர். கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கடல். சிதம்பரத்துக்குக் கிழக்கே போகப் போகப் பல இடங்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் உவர்க்கிறது. வாயில் வைக்க முடியாத தண்ணீரைக் கான்கிரீட்டிலும் வைக்க வேண்டாம் என்பது எளிய விதி. ஐ.எஸ். 456 (2000) என்ற இந்தியக் கான்கிரீட் விதிநூல் கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 2000 மில்லிகிராம் குளோரைடுவரை அனுமதிக்கிறது. கம்பி போட்டால் 500 மட்டுமே. நான்கு மடங்கு வித்தியாசம். கான்கிரீட்டை உப்பு அவ்வளவு சீக்கிரம் அசைப்பதில்லை, இரும்பைத்தான் தின்கிறது.

அளவு. அதே விதிநூல் இந்தக் கலவைக்கு ஒரு மூட்டைக்கு 30 லிட்டர் என்கிறது. கடற்கரைச் சூழலில் வெட்டவெளியில் கிடக்கும் தளத்துக்குச் சிமெண்டின் எடையில் பாதிக்குமேல் தண்ணீர் போகக் கூடாது என்றும் சொல்கிறது. அதாவது மூட்டைக்கு 25 லிட்டர். மணலில் இருக்கும் ஈரத்தையும் அதில் கழித்துக்கொள்ள வேண்டும்.

மேஸ்திரி சொல்வதும் நியாயம்தான்: “கொஞ்சம் தண்ணி சேத்தாதான் சார் இழுக்க வரும். இந்த வெயில்ல கலவை சட்டியிலயே இறுகிப்போவுது.” வெயிலில் கலவை சீக்கிரம் இறுகுவது உண்மை. ஆனால் வெயில் குறைந்த நேரத்தைத் தேடினால் தண்ணீர் கூட்ட வேண்டியதில்லை. கூடுதலாக ஊற்றும் ஒவ்வொரு லிட்டரும் பின்னால் ஆவியாகி வெற்றிடத்தை விட்டுப்போகும். அந்த வெற்றிடம்தான் வெடிப்புக்கும், மேலே பொடிப்பொடியாக உதிர்வதற்கும் காரணம்.

*

கான்கிரீட் போட்ட முதல் சில மணி நேரத்தில் மேலே சிலந்தி வலைபோல் மெல்லிய வெடிப்பு விழுகிறதே, அது பாரம் தாங்காமல் வருவதில்லை. உள்ளிருந்து நீர் மேலே ஊறும் வேகத்தைவிட, மேலிருந்து ஆவியாகும் வேகம் அதிகமானால் வருவது. நான்கு காரணங்கள் சேர்ந்து அந்த வேகத்தை முடிவு செய்கின்றன: காற்றின் சூடு, காற்றின் ஈரம், கலவையின் சூடு, காற்று அடிக்கும் வேகம். ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு லிட்டருக்குமேல் ஆவியானால் ஆபத்து என்பது உலகெங்கும் பொறியாளர்கள் வைத்திருக்கும் அளவுகோல். இந்தத் தளம் 22 சதுர மீட்டர். மணிக்கு 22 லிட்டர், ஒன்றரைக் குடம் தண்ணீர், கண்ணுக்குத் தெரியாமல் பறந்துபோகிறது என்று அர்த்தம்.

பாலைவனத்தோடு ஒப்பிட்டால் நமக்கு ஒரு சாதகம், கடற்காற்றின் ஈரம். சித்திரை, வைகாசியில் மதியத்துக்குமேல் கடற்காற்று ஏறிவிட்டால் ஊரே மூச்சு விடும். ஆனி, ஆடியில் நிலைமை வேறு. மேல்காற்று வறட்சியாக, விடாமல் வீசும்; கடற்காற்றை உள்ளே விடாது. வெப்பமானியில் எண் குறைவாக இருந்தாலும், அந்த மாதங்களில் ஈரம் பறக்கும் வேகம் அதிகம். சூட்டை மட்டும் பார்த்து நாள் குறிப்பது தவறு. மரக்கிளை எவ்வளவு ஆடுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

மேற்குப் பக்கம் கீற்றுத் தட்டி கட்டினால் காற்று தடுபடும். தளத்துக்குமேல் கீற்றுப் பந்தல் போட்டால் வெயில் தடுபடும். தென்னங்கீற்றுக்கு இங்கே பஞ்சம் இல்லை. கல்யாணப் பந்தல் போடுகிற ஆளே காலையில் வந்து கட்டிக்கொடுத்துவிடுவார்.

*

பரங்கிப்பேட்டையில் ஒரு பாய், பல வருடம் வளைகுடாவில் கான்கிரீட் வேலை பார்த்துத் திரும்பியவர். அங்கே எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டேன். “ராத்திரிலதான் தம்பி போடுவோம். தண்ணிக்குப் பதிலா ஐஸ் கொட்டுவாங்க. விடியறதுக்குள்ள மூடிப்புடணும்.” துபாயின் புர்ஜ் கலீஃபாவுக்கும் கோடையில் அப்படித்தான்: இரவில், பனிக்கட்டி சேர்த்த கலவை. நமக்கு அவ்வளவு வேண்டாம். ஜல்லிக் குவியலை முதல் நாளே நிழலில் கொட்டி, மேலே தண்ணீர் தெளித்து வைத்தால் போதும். கலவையில் பெரும் பங்கு ஜல்லிதான்; அது குளிர்ந்தால் கலவை குளிரும். தண்ணீர்த் தொட்டியை வெயிலில் வைக்கக் கூடாது. கறுப்புக் குழாயில் மதியம் முதலில் வரும் கொதிநீரைக் கலவைக்குப் பிடிக்கக் கூடாது. கலவை மிஷினையும் மரத்தடியில் நிறுத்தலாம்.

இந்தியாவில் வெப்பக் காலக் கான்கிரீட்டுக்கென்றே ஐ.எஸ். 7861 என்ற விதிநூல் இருக்கிறது. காற்றின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் அதன்படி நடக்க வேண்டும். கத்திரி வெயிலில் நம் பக்கம் 40 அரிதில்லை.

*

வளைகுடாவைப் பற்றிய இன்னொரு குறிப்பு. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணிவரை வெட்டவெளி வேலைக்குத் தடை. சட்டமே அப்படி. நம் ஊரில் சித்தாள் வேலைக்கு வரும் அம்மாக்கள் அதே நேரத்தில் தலையில் ஜல்லிச் சட்டியோடு நடக்கிறார்கள். 80 கன அடிக் கான்கிரீட் என்று காகிதத்தில் எழுதுவது எளிது. ஐந்து டன்னுக்குமேல் எடை. அவ்வளவும் யாரோ ஒருவர் தலையிலும் கையிலும் ஏறி இறங்க வேண்டியது.

விடியற்காலை ஐந்தரைக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்குள் முடித்துவிடலாம். முழு நாள் கூலி. குடிதண்ணீர், மோர், உட்கார நிழல், கைகால் கழுவ நல்ல தண்ணீர். சிமெண்ட் பால் தோலை அரித்துப் புண்ணாக்கும். கையுறையும் ரப்பர் பூட்ஸும் நாமே வாங்கி வைக்க வேண்டும். கலவைக்கு எது நல்ல நேரமோ அதுவே ஆட்களுக்கும் நல்ல நேரம். இரண்டையும் பிரித்துப் பார்க்கவே தேவையில்லை.

*

இடைவெளி. 20 அடிக் கான்கிரீட் காயும்போது சுருங்குகிறது. ஐ.எஸ். 456 தரும் அளவில் கணக்கிட்டால் சுமார் 1.8 மில்லிமீட்டர். விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் தளத்தின் வெப்பம் 30 டிகிரி மாறினால், அதே அளவு இன்னொரு 1.8 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். சின்ன அளவுதான். ஆனால் போக இடம் இல்லாவிட்டால் தளம் தானே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து வெடித்துக்கொள்ளும். அந்த இடத்தை நாமே முன்கூட்டிக் கோடு போட்டுக் கொடுத்துவிடுவதுதான் வெட்டு இடைவெளி.

நான்கு அங்குலத் தளத்துக்கு 8 முதல் 12 அடிக்கு ஒரு கோடு. கனத்தில் கால் பங்கு ஆழம், அதாவது ஒரு அங்குலம். கட்டங்கள் கூடுமானவரை சதுரமாக இருக்க வேண்டும். நீண்ட ஒல்லிக் கட்டம் நடுவில் உடையும். மறுநாள் மிஷின் வைத்து வெட்டுவதானால் காலையிலேயே வெட்டிவிட வேண்டும். வெயில் ஏறியபின் வெட்ட வந்தால், அதற்குள் வெடிப்பு முந்திக்கொண்டிருக்கும்.

வீட்டுச் சுவரோடும் கிணற்று உறையோடும் தளம் ஒட்டக் கூடாது. நடுவில் அரை அங்குலத் தெர்மகோல் பட்டை. பழைய கூடங்களில் சிவப்புத் தளத்தில் கண்ணாடிப் பட்டி பதித்துக் கட்டம் கட்டமாகப் போட்டிருப்பார்கள். அலங்காரம் என்று நினைத்துப் பார்க்கிறோம். வேலை இதேதான்.

*

கம்பி போட வேண்டுமா? ஆட்கள் நடக்கும், நாற்காலி போடும் தளத்துக்கு அடிமண்ணை ஒழுங்காக இறுக்கி, கோடும் போட்டுவிட்டால் கம்பி வேண்டாம் என்பது என் முடிவு. பெரும்பாலான இடங்களில் கம்பியைத் தரையிலேயே பரப்பி, மேலே கான்கிரீட்டைக் கொட்டிவிடுகிறார்கள். அடியில் கிடக்கும் கம்பியால் மேல் வெடிப்புக்கு எந்தப் பயனும் இல்லை. உப்பு மண்ணின் ஈரம் முதலில் தொடுவது அதைத்தான். துருப்பிடித்த இரும்பு பருத்து, தளத்தை உள்ளிருந்தே உடைக்கும். கார் நிறுத்தும் இடமாக இருந்தால் வேறு கணக்கு: கம்பி கனத்தின் மேல் பாதியில், கவர் பிளாக் மேல் நிற்க வேண்டும்; கலவையும் எம்-30 தரத்துக்கு உயர வேண்டும்.

கிராவலுக்குமேல் கெட்டியான பாலித்தீன் தாள் விரிப்பது. ஓதம் ஏறாது, உப்புப் பூக்காது. ஈரக் கான்கிரீட்டின் தண்ணீரைக் காய்ந்த கிராவல் குடித்துவிடாமலும் அது காக்கும்.

*

வாட்டம். அடிக்குக் கால் அங்குலம். 12 அடிக்கு மூன்று அங்குலம். வீட்டை விட்டு விலகி, வேப்பமரத்துப் பக்கம். டியூப் மட்டம் பிடித்து நான்கு மூலையிலும் முளை அடித்து, நூல் கட்டிப் பார்த்துவிட வேண்டும். கான்கிரீட் கொட்டியபின் வாட்டம் தேடுவது வீண்.

கடலூர் மாவட்டத்தில் மழை பெய்தால் பெய்ததுதான். 2015 நவம்பர் வெள்ளம் இன்னும் யாருக்கும் மறக்கவில்லை. பத்து சென்டிமீட்டர் மழை ஒரே நாளில் பெய்தால், 240 சதுர அடித் தளத்திலிருந்து மட்டும் 2200 லிட்டருக்குமேல் தண்ணீர் ஓடும். முன்பு அதில் ஒரு பகுதியை மண் குடித்தது. இப்போது அதற்கு நாம் வழி செய்ய வேண்டும். 2003இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, கூரைத் தண்ணீரைத்தான் நாம் எல்லோரும் யோசித்தோம். கொல்லைத் தளமும் படுத்துக் கிடக்கும் ஒரு கூரைதான். தாழ்ந்த ஓரத்தில் ஒரு கால்வாய், அதன் முடிவில் செங்கல் ஜல்லியும் மணலும் நிரப்பிய குழி. களிமண் மெதுவாகத்தான் குடிக்கும். குழியைத் தாராளமாக எடுக்க வேண்டும்.

*

மேல் தேய்ப்பு. கரணையால் வழுவழுவென்று தேய்க்கச் சொல்லக் கூடாது. முதல் மழைக்கே வழுக்கும். மணியாஸ் கட்டையால் தேய்த்து, மேலே ஊறிய நீர் அடங்கியபின், வாட்டத்துக்குக் குறுக்கே மெல்லிய துடைப்பத்தால் ஒரே ஓட்டமாக இழுப்பது. மேலே நீர் நிற்கும்போது அதை இழுக்கக் காய்ந்த சிமெண்டைத் தூவும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தூவினால் மேல் தோல் தனியாக நின்று, பின்னால் பொருக்குப் பொருக்காகப் பெயரும். பொறுமையாகக் காத்திருந்தால் நீர் தானே அடங்கும்.

வீட்டு வாசற்படியை ஒட்டி மூன்றடிக்கு மட்டும் சொரசொரப்பு வேண்டாம். கோலம் போடும் இடம் அது. துடைப்பக் கோட்டின்மேல் மாவு சீராக இறங்காது, இழை நெளியும். இதை எந்த விதிநூலும் சொல்லாது; கோலம் போடுகிறவர்களைக் கேட்டுத்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

*

நீராற்றல். தளத்தின் பலத்தில் பெரும் பங்கு கொத்தனார் போனபிறகு வருகிறது. சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்து கல்லாகும் வேலை நாள் கணக்கில் நடப்பது. நடுவில் ஈரம் போனால் அந்த வேலை நின்றுவிடும். சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், வறண்ட வெயிலில் 10 நாள், பி.பி.சி.க்கு 14 நாள்வரை என்கிறது ஐ.எஸ். 456.

காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி என்பது நீராற்றல் ஆகாது. நடுப்பகலில் காய்ந்து, மாலையில் நனைந்து, மறுபடி காய்ந்தால் மேல்பரப்பு சோர்ந்துபோகும். மேல்பரப்பு விரல் பதியாத அளவுக்கு இறுகியதும் ஈரச் சாக்கு. மறுநாள் சுற்றிலும் களிமண்ணால் பாத்தி கட்டி ஓர் அங்குலத் தண்ணீர் நிறுத்துவது. வாட்டம் இருப்பதால் மேட்டுப் பக்கம் தண்ணீர் நிற்காது. குறுக்கே இரண்டு மூன்று வரப்பு போட வேண்டும். வயலில் நாற்றங்கால் கட்டிப் பழகிய ஊருக்கு இது சொல்லித்தர வேண்டிய வேலை இல்லை. தோண்டி எடுத்த களிமண்ணும் இதற்குப் பயன்பட்டுவிடும்.

*

எப்போது போடுவது? கத்திரியில் கூடாது. மேல்காற்று மாதங்களில் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை, குழி குளமாகிவிடும். மார்கழியையும் நம்ப முடியாது, தானே புயல் கரையேறியது 2011 டிசம்பர் 30. மிஞ்சுவது தை, மாசி. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. மண் ஊறி உப்பியும் இருக்காது, வறண்டு வெடித்தும் இருக்காது, நடுநிலையில் இருக்கும். அந்த நிலையில் தளம் போட்டால் பின்னால் மண் அசைவது இரண்டு பக்கமும் குறைவு.

*

அளவை மாற்றியாயிற்று. 20 × 12 இல்லை. 16 × 10. எட்டடிக்கு ஒரு கோடு, இரண்டு கட்டம். சிமெண்ட் 18 மூட்டை 12 ஆகிறது. வேப்பமரத்தைச் சுற்றி ஆறடி மண் அப்படியே. வேர் மூச்சுவிட இடம் வேண்டும். பருத்து வரும் வேர் தளத்தைத் தூக்காமல் இருக்கவும் அது தேவை. மேற்கு ஓரத்தில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்து, ஒரு பருவம் புடலை, ஒரு பருவம் அவரை. மூன்று மணி வெயில் தளத்தின்மேல் விழாமல் அந்தக் கொடி பார்த்துக்கொள்ளும்.

தளத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஆறு மூட்டைச் சிமெண்டும் அதற்கான ஜல்லி, மணலும் மிச்சம். அந்தப் பணம் கிராவலுக்கும், கீற்றுக்கும், சாக்குக்கும், ஆட்களின் முழு நாள் கூலிக்கும் போகட்டும். வெயில் ஊரில் ஒரு தளம் நீடிப்பது அவற்றால்தான். தை பிறந்ததும் மேஸ்திரியிடம் முதலில் கொடுக்க வேண்டியது மூட்டைக் கணக்கை அல்ல. மண் வெட்டும் ஆழம், தண்ணீர் அளவு, வேலை தொடங்கும் நேரம், பாத்தி நிற்க வேண்டிய நாள்கள். இந்த நான்கும் ஒரே தாளில்.